சக்கர நாற்காலியோடு ஏறும் வேன்: ஓராண்டு அனுபவம்

முதியோர், பள்ளி மாணவர், மாற்றுத்திறனாளிகள் ஆகிய மூவரையும் ஏற்றிச் செல்லும் ஒரு வேன் சேவையை, அம்மாவின் சிகிச்சைக்காகவும் மகளின் பள்ளிக்காகவும் ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். வண்டியில் பெரிய குறை எதுவும் இல்லை. அதிலுள்ள பாதுகாப்பு வசதிகளை முறையாகப் பயன்படுத்துவதற்கு வேண்டிய நேரத்தை நிறுவனம் ஓட்டுநருக்குத் தருவதில்லை என்பதுதான் என் குறை.

சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த பிரேக் சக்கரம் உருளாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர, வண்டி சட்டென்று நிற்கும்போது நாற்காலி சறுக்குவதையோ கவிழ்வதையோ தடுக்காது. அதனால்தான் நாற்காலியை முன்நோக்கி நிறுத்தி, தரையில் பதித்த தண்டவாளங்களிலிருந்து வரும் நான்கு பட்டைகளின் கொக்கிகளை அதன் உறுதியான சட்டத்தில் மாட்டி இறுக்க வேண்டியிருக்கிறது. அமர்ந்திருப்பவருக்கு இடுப்புக்கும் தோளுக்குமான பெல்ட்டைத் தனியாகப் போட வேண்டும். வாகனத்தில் இருக்கையாகப் பயன்படும் நாற்காலிகளுக்கான ஐஎஸ்ஓ 7176-19 என்ற சர்வதேசத் தரம், மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நேர் மோதலை ஒத்த சோதனையைக் கேட்கிறது. எங்கள் வழக்கமான ஓட்டுநர் தரையில் மண்டியிட்டு, பெல்ட்டை நாற்காலியின் கை வைக்கும் பகுதிக்கு மேலாகப் போடாமல் அதன் அடியில் நுழைத்து, அது வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படியும்படி இழுத்துவிட்டு, “இறுக்கமா இருக்காம்மா?” என்று கேட்ட பிறகே எழுந்திருப்பார்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் மாற்றாக வந்தவர், பின்பக்கக் கொக்கி ஒன்றைச் சட்டத்தில் மாட்டாமல் சக்கரத்தின் கம்பியில் மாட்டியிருந்தார். நான் சுட்டிக்காட்டியதும் மறுக்காமல் மாற்றினார். ஆனால் அடுத்த நிறுத்தத்துக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது என்று பதறினார். புகார் செய்தபோது அவருக்குப் பயிற்சி அளிப்பதாக நிறுவனம் சொன்னது, கால அட்டவணையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மனிதரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடந்து ஏறும் முதியோரையும் இதே அவசரம்தான் பாதிக்கிறது. மோதல் எதுவும் இல்லாமலேயே, வண்டி கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் தடுமாறி விழுந்து எலும்பு முறிபவர்கள் உண்டு. கைத்தடி ஊன்றி வரும் ஒரு பெரியவர் இருக்கையில் அமர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் சேவை நன்றாகவே இருக்கிறது. தோள் பட்டை கழுத்தில் அறுக்காமல் தோளின் நடுவே படிவதற்காக, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு மிக அருகில், முன்னால் நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது என்பதால், உதவியாளர் இறங்கி எல்லாரையும் நடைபாதையில் ஏற்றிவிட்ட பிறகே கையசைக்கிறார். கடைசி நிறுத்தத்தில், தூங்கிப்போன பிள்ளை யாரேனும் இருக்கிறதா என்று பின்னிருக்கை வரை நடந்து பார்க்கிறார்கள்.

அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறும் நிறுத்தங்களுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் ஒதுக்குவதாக எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். பதில் வரும் வரை, நான்கு கொக்கிகளையும் நானே தொட்டுப் பார்த்த பிறகுதான் கதவை மூட விடுகிறேன்.