பெருஞ்சீரக எண்ணெய் என்று சொல்லி ரூ. 6,800 வாங்கி ஏமாற்றினார்கள்: திருகோணமலை ஆட்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது ரூ. 6,800. வந்தது 10 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு. உள்ளே இருப்பது என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும், பெருஞ்சீரக எண்ணெய் மட்டும் இல்லை.

எனக்கு மாதவிடாய் நேரத்தில் அடிவயிறு பிடித்து இழுக்கும். உப்புவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் மசாஜ் வேலை செய்யும் பிள்ளை, தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டுப் பெருஞ்சீரக எண்ணெய் கலந்து தடவித் தந்தாள். இதமாக இருந்தது. வாசமும் அருமை, பெருஞ்சீரகத்தை உள்ளங்கையில் கசக்கினால் வரும் அதே இனிப்பு வாசம். டவுனில் கேட்ட கடைகளில் யூகலிப்டஸும் கராம்பு எண்ணெயும்தான் இருந்தன. அப்படித்தான் அந்த ஒன்லைன் பக்கத்தில் போய் விழுந்தேன். பெயரைப் போட மாட்டேன். வாசனை எண்ணெய், சவர்க்காரம், முடி எண்ணெய் விற்கிற, அழகான படங்கள் நிறையப் போடுகிற பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டு மெசேஜ் போட்டதும் அங்கே விற்கிற பெண் எனக்கு அழைப்பே எடுத்துவிட்டாள். குரலில் அவ்வளவு பணிவு. "அக்கா எந்த இடம்?" என்றாள். திருகோணமலை என்றேன். "ஐயோ அக்கா, நானும் எங்கட ஊர்தான்! மாமி வீடு பாலையூற்றில. இப்ப கல்யாணம் கட்டி கொழும்பில இருக்கிறன்" என்றாள். அதற்குப் பிறகு எண்ணெயைப் பற்றிய பேச்சே இல்லை. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா, நிலாவெளியில் இந்த முறை வெள்ளைக்காரர் கூட்டம், கன்னியாவுக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று ஒரு அரை மணித்தியாலம். வீட்டில் யார் யார் என்று கேட்டாள். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றேன். "அப்ப இரண்டு போத்தலா எடுங்கோ அக்கா, தங்கச்சிக்கும் நல்லது" என்றாள். ஊர்ப்பிள்ளை, அக்கறையில் சொல்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பொருள் வந்தபின் காசு கொடுக்கும் வசதி "கிழக்குப் பக்கத்துக்கு மட்டும் இல்லை அக்கா, கொரியர்காரர் செய்யிற வேலை" என்றாள். ஏன் முன்காசு கட்டினாய் என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இன்று பாதி ஒன்லைன் வியாபாரம் அப்படித்தான் நடக்கிறது. ரூ. 6,800 வங்கியில் போட்டு சிலிப்பை அனுப்பினேன். உடனே இதயம் போட்டாள்.

பார்சல் வந்தது. மூடியைத் திறந்தால் சவர்க்கார வாசம். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு அடுத்த நாள் பார்த்தேன். நல்ல வாசனை எண்ணெய் பறந்துபோகும், அதிகம் போனால் மெல்லிய கறை இருக்கும். இது வடை சுற்றிய பேப்பர் மாதிரி பளபளவென்று எண்ணெய் வட்டமாக நின்றது. ஏதோ மலிவான எண்ணெயில் சென்ட் கலந்திருக்கிறார்கள். லேபிளில் தாவரப் பெயர் இல்லை, எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது என்று இல்லை, தொகுதி இலக்கம் இல்லை. '100% இயற்கை' மட்டும் பெரிய எழுத்தில்.

காசு போனதைக்கூட விடுங்கள். கூடவே ஒரு துண்டுக் கடதாசி வைத்திருந்தார்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு இரத்தம் கொதித்தது. பால் கொடுக்கும் தாய்க்கு வெந்நீரில் ஐந்து சொட்டு, பிள்ளைக்கு வாய்வு என்றால் நாக்கில் ஒரு சொட்டு, "பாட்டி வைத்தியம், பக்க விளைவு இல்லை". அம்மா அதை வாசித்துவிட்டு, "பெருஞ்சீரகத் தண்ணிதானே, நாங்களும் குடிச்சனாங்கள்" என்று போத்தலைக் கையில் எடுத்தேவிட்டார். நல்லவேளை தங்கச்சி மறித்தாள். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் கிளினிக்கில் சொல்லியிருந்தார்.

பெருஞ்சீரகம் வேறு, அதன் எண்ணெய் வேறு. ஒரு கிலோ விதையை நீராவியில் வடித்தால் சில பத்து கிராம்தான் எண்ணெய் கிடைக்கும். அப்படியென்றால் ஒரு சொட்டில் எவ்வளவு செறிவு என்று யோசித்துப் பாருங்கள். அதில் பெரும்பங்கு அனெதோல் என்ற பொருள், அந்த இனிப்பு வாசம் அதனுடையதுதான். பெண் ஹோர்மோனைப் போல அது லேசாக வேலை செய்யக்கூடியது. கொஞ்சம் எஸ்ட்ரகோல் என்ற பொருளும் உண்டு. அதை அதிக அளவில் கொடுத்த சுண்டெலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் வந்திருக்கிறது. அதனால்தான் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சின்னப் பிள்ளைகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், ஹோர்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எல்லாம் இந்த எண்ணெயைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். இத்தனையும் உண்மையான எண்ணெய்க்கே. என் போத்தலில் இருந்த சென்ட் கலவை ஒரு பச்சைப்பிள்ளையின் நாக்கில் பட்டிருந்தால்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

இனி அவர்கள் சாட்டிய சாட்டுகளைக் கேளுங்கள். முதலில் "இயற்கைப் பொருள் அக்கா, ஒவ்வொரு தடவையும் மணம் மாறும்." தாளின் படத்தை அனுப்பினேன். "உங்கட பேப்பர் சரியில்லை போல." பேப்பர் சரியில்லையாம்! அப்புறம் "திருகோணமலை வெயிலில் வச்சிருப்பீங்கள், அதுதான் பழுதாப் போச்சு." எங்கட ஊர் என்றவளுக்கு அப்போதுதான் எங்கள் ஊர் வெயில் ஞாபகம் வந்தது. பிறகு "சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்லை." சீல் உடைக்காமல் மணந்து பார்ப்பது எப்படி? அதற்குப் பதில் இல்லை. மெசேஜைப் பார்த்தாள் என்று காட்டும், பேச மாட்டாள். அழைத்தால் வேறொரு ஆம்பிளைக் குரல், "மெடம் மீற்றிங்ல" என்றது. துண்டுக் கடதாசியைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "அது பிரின்ட் பண்ணினவங்க பிழை." கடைசியில் என்னைத் தடுத்தே விட்டார்கள். பக்கத்தின் கீழே நான் எழுதியதும் அழிந்துபோனது. ரூ. 6,800 அத்தோடு போச்சு.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. லேபிளில் ஃபெனிகுலம் வல்கேர் என்ற தாவரப் பெயரும் தொகுதி இலக்கமும் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். கடும் நிறக் கண்ணாடிப் போத்தலாக இருக்க வேண்டும். குடிக்கச் சொல்பவன் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். பெரியவர்கள் தடவுவதென்றாலும் 10 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டுக்கு மேல் வேண்டாம், முதலில் கையில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். பிள்ளை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அம்புலன்ஸுக்கு 1990. கடைக்காரன் ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் சொல்லலாம். நான் சிலிப், படங்கள், அந்தக் கடதாசி எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் கொடுக்கப் போகிறேன்.

"மாமி வீடு பாலையூற்றில" என்ற கதையை வேறு யாராவது கேட்டிருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், முறைப்பாட்டைச் சேர்ந்து கொடுப்போம். வீட்டில் அந்தக் கடதாசி இருந்தால் கிழித்துவிடாதீர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள். சாட்சிக்குத் தேவைப்படும்.