ஒன்றரை வட்டி என்று சொல்லி வருகிறார்கள், அப்பளத் தொழில் செய்கிறவர்கள் உஷார்

மதுரையில் ஜெய்ஹிந்த்புரம், வில்லாபுரம் பக்கம் அப்பளம் போடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஜாமீன் வேண்டாம், ரெண்டு நாளில் பணம் என்று ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஏஜென்ட் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறார்.

என்னிடம் சொன்னது 5 லட்சம், ஒன்றரை வட்டி, ஒரு வருஷம், தினமும் பேங்க் கணக்கிலிருந்து 1,600 சொச்சம் எடுத்துக்கொள்வார்களாம். "அப்ப வருஷத்துக்கு 18 சதவீதம்தானே?" என்று கேட்டேன், "ஆமாண்ணே, அவ்வளவுதான்" என்றார். நம்பி வாங்கிவிட்டேன், பச்சைப் பொய். அசல் குறையக் குறைய வட்டி குறையாமல், முழு 5 லட்சத்துக்கும் ஒரு வருஷ வட்டி 90,000 என்று முதலிலேயே ஏற்றிவிட்டார்கள், அதிலேயே உண்மையான வட்டி 32 சதவீதம் ஆகிறது. அப்புறம் பிராசஸிங் கட்டணம் 3 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி, யாரும் கேட்காத இன்சூரன்ஸ் 8,000 எல்லாம் பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது 4,74,300. மாதத் தவணை என்று வைத்துப் பார்த்தாலே 42 சதவீதம் வருகிறது என்று ஆடிட்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். தண்டல்காரர்கூட 8,500 கொடுத்து 10,000 வாங்குவேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லித்தான் தருவார், மழை நாளில் நாளைக்கு வாங்கிக்கிறேன் என்று போகவும் செய்வார்.

வட்டியைவிட தினப் பிடித்தம்தான் என்னைப் படுத்தியது. நம் தொழிலில் உளுந்துக்குக் கீழமாசி வீதியில் உடனே காசு, ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி, ஆனால் வெளியூர்க் கடைக்காரர் பணம் தர 45 நாள், 60 நாள் ஆகும். ஐப்பசி மழையில் காயப்போட வழியில்லாமல் பட்டறையே மூடிக் கிடந்தபோதும் காலையில் பிடித்தம் வந்தது. கணக்கில் இல்லையென்றால் அவர்கள் ஒரு அபராதம், நம் பேங்க் ஒரு அபராதம். உளுந்துக் கடைக்குக் கொடுத்த செக் திரும்பி, அத்தனை வருஷ நம்பிக்கையும் அதோடு போச்சு.

2024 அக்டோபர் 1 முதல் சிறுதொழில் கடனுக்கும் கேஎஃப்எஸ் என்கிற முக்கிய விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே, நமக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. இன்சூரன்ஸ் உட்பட எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டி அதில் இருக்க வேண்டும், யோசிக்கக் குறைந்தது 3 வேலை நாளாவது தர வேண்டும். எனக்கு அது பணம் ஏறிய பிறகு, மெயிலில், இங்கிலீஷில் வந்தது.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் இல்லையென்றால் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை, விவரம் கேட்க 14448.

உங்களிடம் வந்தால் அந்தத் தாளை முதலில் கேளுங்கள். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் அனுமதி தரும் ஆட்டோ டெபிட் படிவத்தில், ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள், என்னுடையதில் 1 லட்சம் என்று இருக்கிறது. சரக்கு வாங்க மட்டும் பணம் தேவையென்றால் பேங்கில் சிசி (கேஷ் கிரெடிட், வேண்டியபோது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் கணக்கு) கேட்பதே மேல், எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்குத்தான் வட்டி. பேப்பர் கேட்டு அலையவிடுவார்கள், அதுவும் உண்மைதான்.