பாரிஸா, சிங்கப்பூரா, சென்னையா: சின்னவளின் உயரம் 118

விடுமுறைக்கு எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போவது என்பதில் எங்கள் வீட்டில் இப்போது மூன்று கட்சி. பத்து வயது மூத்தவனுக்கு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்ரூடியோஸ், மனைவிக்கு பாரிஸ் டிஸ்னிலாண்ட் (லாச்சப்பலில் அவளுடைய சித்தி இருக்கிறார், தங்குகிற செலவு மிச்சம்), அம்மாவுக்கு சென்னை. ஏழு வயதுச் சின்னவள் யார் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம்.

பூங்காவின் படங்களைப் பார்த்து ஆசையை வளர்த்துவிட்டுக் கடைசியில்தான் விசாவைப் பார்க்கிறோம், அது தலைகீழ் வேலை. பிரான்சுக்கு ஷெங்கன் விசா, பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு 45. எங்கள் ஐந்து பேருக்கும் கூட்டினால் 360 யூரோ, விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. சிங்கப்பூருக்கு இலங்கைப் பாஸ்போட்டுடன் விசா இல்லாமலே போகலாம், வருகை அட்டையைக் கடைசி மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பினால் சரி, அதற்குக் காசும் இல்லை. இந்தியாவுக்கு இ-விசா.

பயணத்தில் சென்னையை ஒன்றும் அடிக்க முடியாது. பலாலி விமான நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மீனம்பாக்கம். மற்ற இரண்டுக்கும் இரவிரவாகக் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஓட வேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஓட்டமே ஒரு பூங்கா ரைட் (சவாரி) தான்.

சென்னையில் 2025 டிசம்பரில் வொண்டர்லா பூங்காவைத் திறந்தார்கள், திருப்போரூருக்குப் பக்கத்து இல்லலூரில். அம்மாவுக்கு இது வாய்ப்பாகப் போய்விட்டது, திருப்போரூரிலும் ஒரு கந்தசுவாமி கோயில் இருக்கிறதே! ஆனால் இந்த மாதிரிப் பூங்காக்களில் பாதிக் கொண்டாட்டம் தண்ணீரில்தான், பருத்தி உடுப்போடு தண்ணீருக்குள் விடமாட்டார்கள், நைலோன் உடுப்பு வேண்டும். சுடிதாரோடு இறங்கலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் வாசலில் வாடகை உடுப்புக்கு நிற்பார்கள். ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

இனி முக்கியமான விஷயம், உயரம். ஒவ்வொரு பெரிய ரைட்டுக்கும் குறைந்தது இத்தனை சென்ரிமீற்றர் என்று இருக்கும், அதற்குக் குறைந்த பிள்ளையை ஏற்றமாட்டார்கள். சின்னவளைக் குசினிக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு கொப்பியை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன், 118 சென்ரிமீற்றர். குதிக்காலைத் தூக்கினாள், பிடித்துவிட்டேன். யுனிவர்சலில் ரான்ஸ்ஃபோமர்சுக்கு 102, ஜுராசிக் பார்க் தண்ணீர்ச் சவாரிக்கு 107 போதும், மம்மி என்ற ரோலர் கோஸ்டருக்கு 122 வேண்டும், கலாக்ரிகா என்ற ரோலர் கோஸ்டருக்கு 125. டிஸ்னியில் பிக் தண்டருக்கு 102, இருட்டில் ஓடும் ஹைப்பர்ஸ்பேசுக்கு 120, இன்டியானா ஜோன்சுக்கு 140. ஆக இரண்டு இடத்திலும் அவளுக்குக் கொஞ்சம் கிடைக்கும், கொஞ்சம் கிடைக்காது. கிடைக்காத ரைட்டுக்கு ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் பிள்ளையோடு வெளியில் நின்று, பிறகு மறுபடி வரிசை பிடிக்காமல் மாறி ஏறலாம், இரண்டு பூங்காவிலும் அந்த ஏற்பாடு உண்டு, வாசலில் நிற்பவரிடம் கேட்டால் போதும்.

வடிவு என்று பார்த்தால் டிஸ்னிதான், அதில் நான் மனைவியோடு சண்டை பிடிக்கமாட்டேன். பாரிஸிலிருந்து டிஸ்னிப் பக்கம் ஓடும் ஆர்.இ.ஆர். ஏ புறநகர் ரயிலில் கடைசித் தரிப்பில் இறங்கினால் வாசல் எதிரே. ஆனால் அங்கே இரண்டு பூங்கா, ஒரு நாளில் இரண்டையும் பார்க்கப் போனால் ஓட்டம்தான் மிஞ்சும், இரண்டு நாள் என்றால் ரிக்கெற் காசும் அதற்கேற்ப ஏறும். எங்கள் ஓகஸ்ட் விடுமுறையில் ஐரோப்பாவே விடுமுறையில் நிற்கும், நல்லூர்த் தேர் மாதிரிச் சனம். யாராவது கல்யாணத்துக்கென்று கூப்பிட்டு எப்படியும் பாரிஸ் போக நேர்ந்தால் அப்போது பார்க்கலாம், இதற்கென்றே போகமாட்டேன்.

சிங்கப்பூர்ப் பூங்கா சிறியது, ஒரு நாள் போதும். வெயில் சுடும், மின்னல் வந்தால் வெளி ரைட்டுகளை நிறுத்திவிடுவார்கள், அதனால் உயரமான ரைட்டுகளைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பூங்கா இருக்கும் சென்ரோசாத் தீவுக்கு ஓடும் ரயிலுக்குப் போகும்போதுதான் காசு, திரும்பி வரச் சும்மா. வெள்ளிக்கிழமை என்றாலும் சிராங்கூன் ரோட்டில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு கிடைக்கும்.

என் வாக்கு சிங்கப்பூருக்குத்தான். அம்மாவை மாசி மாதம் தனியாகத் திருப்போரூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் சிங்கப்பூர்ப் பள்ளிகளும் பூட்டு என்பதால் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துப் போடப்போகிறேன். மம்மிக்கு இன்னும் நாலு சென்ரிமீற்றர் குறைகிறது, சின்னவள் தினமும் பால் குடித்துவிட்டுக் கதவு நிலையில் போய் நிற்கிறாள்.