முலாம் பட்டறைக் கழிவுநீருக்குப் பூஞ்சையா, கரியா?

வடசென்னையில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் உண்டு. இங்கிருந்து வெளியேறும் உலோகம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்து மீனுக்கும் இறாலுக்கும் போய்விடக் கூடாது. வாசலிலேயே பிடித்தாக வேண்டும்.

விலை:
கரி – தேங்காய்ச் சிரட்டையில் செய்த கிளர்வூட்டிய கரி (activated carbon, அடுப்புக் கரி அல்ல) கடையிலேயே கிடைக்கும், காசு கொடுக்க வேண்டும்.
பூஞ்சை – ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர், சிட்ரிக் அமில ஆலைகளில் கழிவாகவே மிஞ்சுகிறது.

பிடிப்பு:
கரி – சாயம், ஃபீனாலுக்குக் கெட்டி.
பூஞ்சை – ஈயம், காட்மியம், செம்புக்கு நல்லது. உயிரற்ற பூஞ்சையே போதும்; செல்சுவரின் கைட்டின் போன்ற பொருள்கள் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்கின்றன. நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) சுமார் 5 இருக்க வேண்டும். அமிலம் மிகுந்தால் உலோகம் ஒட்ட வேண்டிய இடத்தை ஹைட்ரஜன் அயனிகள் அடைத்துக்கொள்ளும். ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) மட்டும் நேர்மாறு, பிஎச் 2 அளவில்தான் நன்றாக ஒட்டும்.

பராமரிப்பு:
கரி – நிரப்பினால் ஓடும். சாயம் ஏறியதை மீட்கச் சூளை வேண்டும்.
பூஞ்சை – தூளாகப் போட்டால் சேறாகி அடைக்கும், ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை) சேர்த்து மணிகளாக்க வேண்டும். ஈயம், காட்மியம், செம்பு பிடித்ததை நீர்த்த அமிலத்தில் கழுவினால் திரும்பப் பயன்படும்.

சாயப் பட்டறைக்குக் கரியே என் தேர்வு. முலாம் பட்டறையில் பிஎச் பார்க்கப் பொறுப்பான ஆள் இருந்தால், தயங்காமல் பூஞ்சை. வீட்டுக் குடிநீருக்குப் பூஞ்சை வேண்டவே வேண்டாம். பூஞ்சையைக் கழுவிய அமிலத்தில் பிடித்த உலோகத்தின் பெரும்பகுதி இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.