கோத்தகிரி வாலிபர் கூட்ட எச்ஐவி பயிற்சி: தயங்காமல் போங்கள்

கோத்தகிரியில் எங்கள் சபை வாலிபர்களுக்காக நடத்திய எச்ஐவி தடுப்புப் பயிற்சிக்குப் போய் வந்தேன், மனதாரச் சிபாரிசு செய்கிறேன். ஜெபத்தோடு ஆரம்பித்தார்கள், ஆனால் பயமுறுத்தும் பிரசங்கம் எதுவும் இல்லை. ஆயர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே ஆலோசகர் அக்கா ஆணுறைப் பாக்கெட்டை எடுத்து, காலாவதி தேதியைக் காட்டி, உள்ளே காற்று இருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து, பல்லால் கிழிக்கவே கூடாது என்றார்; ஒருவரும் சிரிக்கவில்லை. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்ததையும் சொன்னார். தொற்று உள்ளவர் எச்ஐவி மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவு வழியே பரவாது என்பது எனக்குப் புதிது, அதைக் கேட்டதும் மனசே லேசானது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம்.

கூட்டத்தில் வாயே திறக்காத நான், இப்போது எஸ்டேட் லைனில் இருக்கும் தம்பிகள் கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறேன், தொற்று உள்ளவர்களைப் பற்றி யாராவது கேவலமாகப் பேசினால் அங்கேயே நிறுத்துகிறேன். ஒரே குறை, கடைசி பஸ்ஸைக் காரணம் சொல்லி கேள்வி நேரத்தைச் சுருக்கிவிட்டார்கள். அடுத்த முறை காலையிலேயே ஆரம்பித்து, அப்புறம் பெற்றோரையும் கூப்பிட வேண்டும்.