வெள்ளெழுத்துக் கண்ணும் கிளாக் 19-உம்: மாற்றிப் பார்த்த இரண்டு சைட்டுகள்

நாற்பத்தேழு வயதில் எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதைக் கண் மருத்துவருக்கு முன்பே காட்டிக்கொடுத்தது, என் கைத்துப்பாக்கியின் நுனியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிதான். டாலஸ் புறநகரில் உள்ள சுடுதளத்திற்கு மாதம் இருமுறை செல்லும் வழக்கம் எனக்கு உண்டு. தொலைவில் இருக்கும் இலக்குத் தாள் தெளிவாகத் தெரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில், துப்பாக்கி முனையில் நிற்கும் முன்குறிதான் மங்கலாகிக் கரைந்தது. குறி பார்த்துச் சுடுபவருக்கு வரக்கூடாத குறை இதுவே, ஏனெனில் கண் கூர்ந்து பார்க்க வேண்டியது இலக்கை அன்று, முன்குறியின் மேல்விளிம்பை. அதனால் என் கைத்துப்பாக்கியான ஐந்தாம் தலைமுறை கிளாக் 19-உடன் வந்த சைட்டுகளை, அதாவது முன்குறி, பின்குறி என்னும் குறிபார்க்கும் இணையை, கழற்றிவிட்டு, தனியாக விற்கப்படும் இரண்டு வகைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி, ஏறத்தாழ நான்கு மாதங்கள் சுட்டுப் பார்த்தேன்.

அடிப்படை மாதிரியில் வருபவை நெகிழிச் சைட்டுகள்: முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் அந்தப் புள்ளியை ஏந்தும் கிண்ணம்போல ஒரு வெள்ளைக் கோடு. பத்தடித் தொலைவில் விரைவாகச் சுட இது போதும். நுணுக்கமாகக் குறி பார்க்கும்போதோ கண் அந்த வெள்ளையின் பின்னாலேயே ஓடுகிறது. முன்குறியின் தலையும் பின்குறியின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, இருபுறமும் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சமமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டிய கண், கிண்ணத்துக்குள் புள்ளியை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கீற்றுகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை ஒரு சிறு கணக்கு சொல்லிவிடும். கிளாக் 19-இல் இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் 153 மில்லிமீட்டர். முன்குறி அரை மில்லிமீட்டர் விலகி நின்றால், 25 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் விலகிப் போகும். அந்தத் தொலைவுக்கென்றே அமைந்த பி-8 என்னும் இலக்குத் தாளின் கறுப்பு வட்டம் 5.54 அங்குல விட்டம் கொண்டது. அதாவது நடுவிலிருந்து விளிம்புவரை 70 மில்லிமீட்டர்தான். ஆக, அரை மில்லிமீட்டர் பிசகினால் குண்டு கறுப்புக்கு வெளியே போய்விடும்.

முதலில் வாங்கியது டிரிஜிகான் நிறுவனத்தின் எச்.டி. எக்ஸ்.ஆர். என்னும் இரும்புச் சைட்டு. இதன் முன்குறி 0.122 அங்குல அகலம், அதாவது 3.1 மில்லிமீட்டர். கையை நீட்டிப் பிடித்தால் அது கண்ணிலிருந்து எழுபது சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். அந்த நிலையில் 25 கெஜத்தில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் அகலத்தை மறைக்கும். கறுப்பு வட்டத்தின் அகலம் பதினான்கு சென்டிமீட்டர் என்பதால், குறியின் இருபுறமும் வட்டத்தின் ஓரம் தெரிந்துகொண்டே இருக்கிறது. முன்குறியின் நடுவில் தானே ஒளிரும் டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) விளக்கும், அதைச் சுற்றி ஆரஞ்சு வளையமும் உள்ளன. பின்குறியில் இரண்டு விளக்குகள் இருந்தாலும் பகலில் அவை கண்ணில் படாமல் கறுப்பாகவே நிற்கின்றன. டிரிட்டியத்தின் அரையாயுள் 12.3 ஆண்டுகள், அதற்கு மின்கலமும் வேண்டாம், வெயிலில் காட்டவும் வேண்டாம்.

பொருத்தித் தருமாறு ஒரு கடையில் கொடுத்ததுதான் நான் செய்த தவறு. அன்று மாலையே திரும்ப வந்தது. அடுத்த ஞாயிறு மணல் மூட்டையில் கையைத் தாங்கி, 25 கெஜத்தில் பத்துச் சுற்றுகள் சுட்டேன். அனைத்தும் ஒன்றாகத்தான் விழுந்தன, ஆனால் நடுவிலிருந்து நான்கு விரற்கடை இடப்புறமாக. வலக்கைக்காரர்கள் விசையை இழுக்கும்போது குண்டு இடப்புறம் கீழே இறங்குவது ஊரறிந்த குறை என்பதால், முதலில் என்னையே நொந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தபோது, பின்குறியின் ஓரத்திற்கும், சைட்டுகள் அமர்ந்திருக்கும் ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி) ஓரத்திற்கும் உள்ள தூரம் ஒருபுறம் மற்றொரு புறத்தைவிட முழுதாக ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. அப்படியென்றால் பின்குறி நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன 75 மில்லிமீட்டர் கணக்கும், தாளில் இருந்த ஓட்டைகளும் ஒன்றையொன்று அச்சாக ஒத்திருந்தன. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும் என்பது விதி. சைட்டு தள்ளும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, தோட்டாக்கூட்டை எடுத்து, குழலறையும் காலிதான் என்று இருமுறை பார்த்துவிட்டு, திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக முறுக்கிச் சரிசெய்தேன். சுத்தியால் தட்டியும் நகர்த்தலாம் என்பார்கள். காடியில் இறுக்கமாக அமர்ந்திருக்கும் இரும்பை அப்படித் தட்ட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவதாகப் பொருத்தியது ஒரு சிறு நிறுவனத்தின் தயாரிப்பு: எந்தப் புள்ளியும் கோடும் இல்லாத கருநிறப் பின்குறி, முன்குறியில் சுற்றியுள்ள வெளிச்சத்தை வாங்கி முனையில் ஒளிரும் சிவப்பு ஒளியிழை. இதை நானே பொருத்தினேன். முன்குறியைப் பிடித்திருக்கும் திருகு ஸ்லைடின் அடிப்புறத்தில், ஓர் எள்ளைவிடச் சற்றே பெரிதாக ஒளிந்திருக்கிறது. அதை எட்டுவதற்கு 3/16 அங்குல மெல்லிய குழாய்த் திருப்புளி தேவை. திருகில் நீலநிறப் பூட்டுப் பசை ஒரு துளி வைக்காவிட்டால், சில நூறு சுற்றுகளில் அது தானே கழன்றுவிடும் வாய்ப்பு உண்டு.

வெயிலில் இதற்கு ஈடில்லை. திறந்தவெளிச் சுடுதளத்தில் முன்குறியின் உச்சியில் ஒரு சிவப்புக் குன்றிமணி ஒட்டியதுபோல் ஒளிர்கிறது. என் மங்கிய கண்ணுக்கும் அது தப்பவில்லை. ஆனால் கூரை போட்ட சுடுதளத்தில், சுடுபவர் நிற்கும் இடம் இருட்டாகவும் இலக்கு மட்டும் விளக்கொளியிலும் இருக்கும்போது, இழைக்குள் புக ஒளியே இல்லாமல் சிவப்பு அணைந்துபோகிறது. அங்கே டிரிஜிகானின் ஆரஞ்சு வளையம்தான் கைகொடுத்தது. இழையின் இன்னொரு பலவீனம் மூன்றாம் வாரத்தில் தெரிந்தது. துடைக்கும்போது கரைப்பான் அதன்மேல் பட்டதோ என்னவோ, நடுவில் ஒடிந்து பாதி காணாமல் போயிற்று. உடன் கொடுத்திருந்த உதிரி இழையை வெட்டிச் செருகி, இரு முனைகளையும் தீக்குச்சிச் சுடரில் லேசாகக் காட்டினால், ஆணித்தலைபோல உருண்டு தங்கிவிடுகிறது. ஐந்து நிமிட வேலைதான், என்றாலும் டிரிஜிகானின் விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனித் துல்லியத்துக்கு வருகிறேன். மணல் மூட்டையில் தாங்கிச் சுட்டபோது பத்துச் சுற்றுகளும் விழுந்த பரப்பு பழைய சைட்டில் பத்து சென்டிமீட்டர், புதியவை இரண்டிலும் ஒன்பதரை. இதை வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். குழலும் தோட்டாவும் அவையேதான். சைட்டு அவற்றைத் திருத்திவிடாது. ஆனால் நின்றபடி சுடும்போது பழைய சைட்டில் நூற்றுக்கு 82, 84 என்று நின்ற மதிப்பெண், டிரிஜிகானில் 87-ஐயும் ஒளியிழையில் 90-ஐயும் தொட்டது. மேலும் கீழுமாகச் சிதறியவைதான் பெரும்பாலும் குறைந்தன. முன்குறியின் தலை எங்கே முடிகிறது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே காரணம்.

இந்த மதிப்பெண் முழுவதையும் சைட்டின் கணக்கில் எழுதுவதும் நேர்மையாகாது. வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து விசையை மட்டும் இழுத்துப் பழகும்போது, விசை விடுபடும் அந்தக் கணத்தில் சிவப்புப் புள்ளி இடப்புறம் கீழே ஒரு மயிரிழை தலைசாய்ப்பதை முதன்முறையாகக் கண்டேன். கடைக்காரர் செய்த பிழையோடு என் விரலின் பிழையும் இத்தனை நாளும் கலந்தே இருந்திருக்கிறது. பழைய வெள்ளைப் புள்ளியும் அப்படித்தான் சாய்ந்திருக்கும்; அதைப் பார்க்கும் தெளிவு எனக்கு இல்லை. தினமும் இரவு இருபது முறை, புள்ளி அசையாமல் விசையை இழுக்கப் பழகிய பின்னர்தான் 90 வந்தது.

வெளியே, பகலில், தாளில் மட்டும் சுடுகிறவருக்கு ஒளியிழையைச் சொல்வேன். வீட்டுப் பாதுகாப்புக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு டிரிஜிகான்தான். விலை நூறு டாலருக்கு மேல் என்றாலும் அது தகும். கண் இன்னும் தெளிவாக இருக்கும் இளைஞர்கள் அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிச் சுடலாம். இரு குறிகளுக்குப் பதிலாகக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டும் மின்னணுக் கருவிகள் இப்போது எங்கும் வந்துவிட்டன. அவற்றுக்கு ஸ்லைடையே வெட்ட வேண்டும் அல்லது அதற்கென வரும் வேறு மாதிரியை வாங்க வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் கிளாக்கில் இப்போது இருப்பது ஒளியிழை. டிரிஜிகானும் அந்த 3/16 திருப்புளியும் இழுப்பறையில் ஒன்றாக இருக்கின்றன. குளிர்காலத்தில் கூரைக்குள் சுடத் தொடங்கும்போது மீண்டும் மாற்றிக்கொள்வேன், இம்முறை என் கையாலேயே.