கிராண்ட் சீக்கோவின் மூன்று மெஷின்களில் நீண்ட நாள் உழைப்பது எது?

ஜப்பானிய உயர்விலைக் கைக்கடிகாரங்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் கிராண்ட் சீக்கோவில் வந்து நின்றுவிடுகிறது. சுருள்வில்லின் விசையால் ஓடும் மெக்கானிக்கல், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ், இவ்விரண்டிலும் அடங்காத ஸ்பிரிங் டிரைவ் என்று மூன்று வகை மெஷின்களையும் ஒரே பெயரில் விற்பதால், எதை வாங்குவது என்ற குழப்பம் அந்த ஒரு கடைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. துல்லியத்தை வைத்துப் பார்த்தால் விடை எளிது. உழைப்பை வைத்துப் பார்க்கும்போதுதான் வாதம் சூடுபிடிக்கிறது. ஏனெனில் உழைப்பு என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம்: பழுதாகாமல் ஓடுவது ஒன்று, பழுதானபின் சரிசெய்ய முடிவது இன்னொன்று. இந்த மூன்று மெஷின்களும் இவ்விரு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடை தருகின்றன.

முதலில் துல்லியத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1998இல் வந்த 9எஸ் மெக்கானிக்கல் வரிசைக்கு நிறுவனம் வகுத்த சோதனை அளவு, நாளொன்றுக்குச் சராசரியாக 3 நொடி பின்தங்கலாம் அல்லது 5 நொடி முந்தலாம் என்பது. 2004இல் வந்த 9ஆர்65 ஸ்பிரிங் டிரைவுக்கு மாதத்துக்கு 15 நொடி. 1993இல் வந்த 9எஃப் குவார்ட்ஸுக்கு ஆண்டுக்கு 10 நொடி. எல்லையோரப் பிழையிலேயே ஓராண்டு ஓடுவதாக வைத்துக்கொண்டால், முதலாவது அரை மணி நேரமும் இரண்டாவது மூன்று நிமிடமும் விலக, மூன்றாவது பத்தே நொடி விலகும். மணி பார்ப்பதற்காக மட்டும் வாட்ச் வாங்குபவர் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை.

9எஃப் மெஷினைப் பேட்டரி வாட்ச்தானே என்று ஒதுக்குபவர்கள் அதைத் திறந்து பார்க்காதவர்கள் என்பது என் எண்ணம். சாதாரண குவார்ட்ஸ் மோட்டாருக்கு விசை குறைவு என்பதால் அதில் மெல்லிய முட்களைத்தான் பொருத்த முடியும். 9எஃப்பில் ஒவ்வொரு நொடிக்கும் அடுத்தடுத்து இரண்டு மின்துடிப்புகள் தரப்படுவதால், மெக்கானிக்கல் வாட்சுக்குரிய அகலமான, கனமான முட்களையும் அது இழுத்துச் செல்கிறது. நொடிமுள் கோட்டின் மேல் போய் நிற்கும்போது நடுங்குவதில்லை. பற்களுக்கிடையே உள்ள தளர்வை உறிஞ்சிக்கொள்ள ஒரு நுண்சுருள் வைத்திருக்கிறார்கள். நேரத்தைக் கணிக்கும் குவார்ட்ஸ் படிகங்களை மூன்று மாதம் பதப்படுத்தித் தேர்ந்தெடுத்த பிறகே பொருத்துகிறார்கள். மெஷின் நாளொன்றுக்கு 540 முறை வெப்பநிலையை அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. உழைப்பு என்ற கோணத்தில் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுழலும் பாகங்களை மூடிக் காக்கும் உள்ளறை. பேட்டரி மாற்றுவதற்காகப் பின்மூடியைத் திறக்கும்போது தூசி உள்ளே போவதும், நாளடைவில் எண்ணெய் காய்வதும் அதனால் குறைகின்றன. பல்சக்கரங்களின் மேல் ஓயாத வில்லின் அழுத்தம் கிடையாது, நொடிக்கு ஒருமுறைதான் அசைவு. எனவே தேய்மானம் மிகக் குறைவு. பழுதாகாமல் ஓடுவது என்ற முதல் பொருளில் 9எஃப்பை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. இதன் பெரும்பகை அலட்சியம்தான். தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விட்டு மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தால், அது கசிந்து மின்சுற்றைத் தின்றுவிடக்கூடும்.

மெக்கானிக்கல் வரிசையில் பெருமையாகப் பேசப்படுவது ஹைபீட் என்னும் வேக ஓட்டம். 2009இல் வந்த 9எஸ்85 மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது நொடிக்குப் பத்து. ஒரு நாளில் 8,64,000 முறை, வில்லின் விசையைத் துடிப்புத் துடிப்பாக விடுவிக்கும் எஸ்கேப் வீல் என்ற சக்கரத்தின் பல், பாலட் என்ற நெம்புகோலிலுள்ள ஒரு கல்லின் முகத்தில் மோதி, வழுக்கி, விலகுகிறது. அந்தக் கல்லின் ஓரத்தில் ஊசிமுனையளவு எண்ணெய் இருக்கும். அது காய்ந்தாலோ சிதறினாலோ தேய்மானம் தொடங்கிவிடும். மணிக்கு 28,800 துடிப்பு கொண்ட 9எஸ்65க்கு இந்தத் தொல்லை குறைவு. ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் 72 மணி நேரம் ஓடவும் செய்யும். ஹைபீட்டுக்கோ 55 மணி நேரம்தான். 2020இல் வந்த 9எஸ்ஏ5 இந்தக் குறையை வேரிலிருந்தே அணுகியது. எஸ்கேப் வீல், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தை ஒரு திசையில் நேரடியாகத் தள்ளுகிறது, மறுதிசையில் மட்டும் இடையிலுள்ள பாலட் நெம்புகோலின் வழியாகத் தள்ளுகிறது. வழுக்கும் உராய்வு குறைந்ததாலும், இரட்டை விற்பெட்டி வைத்ததாலும், அதே 36,000 துடிப்போடு 80 மணி நேரம் ஓடுகிறது. பொறியியலாக இது அழகானது. ஆனால் வந்து சில ஆண்டுகளே ஆன ஒரு மெஷினின் ஆயுளை எண்களை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மெக்கானிக்கலின் வலிமை இரண்டாவது பொருளில்தான் இருக்கிறது. அதில் எரிந்துபோக எதுவும் இல்லை. தேய்ந்த அச்சைக் கடைந்து போட ஒரு தேர்ந்த கை போதும் என்பார்கள். அந்தக் கூற்றில் ஒரு பாதிதான் இன்றைக்குச் செல்லும். ஹைபீட்டின் எஸ்கேப் வீல் மின்னணுச் சில்லு தயாரிப்பை ஒத்த நுண்முறையில் படிய வைத்து உருவாக்கப்படுகிறது. பேலன்ஸின் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்குக்கு சீக்கோ தனக்கென்றே உருவாக்கிய ஸ்பிரான் உலோகக் கலவை. இவற்றை எந்தக் கடைசல் பட்டறையிலும் செய்துவிட முடியாது. ஆகவே, எந்த ஊரில் கொடுத்தும் ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்று நம்பி ஹைபீட் வாங்குபவர், தாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே நிறுவனத்தைச் சார்ந்திருக்கிறார்.

ஸ்பிரிங் டிரைவின் கதை நீண்டது. நாகானோ மாநிலத்தின் சுவா பகுதியில் சீக்கோவுக்காக வேலை பார்த்த யோஷிகாசு அகஹானே என்ற பொறியாளருக்கு 1977இல் இந்த எண்ணம் தோன்றியது. வில்லே மெஷினை ஓட்ட வேண்டும், குவார்ட்ஸ் அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், பேட்டரி கூடாது. வில்லிலிருந்து கிடைக்கும் துளியளவு மின்சாரத்தில் வேலை செய்யும் சில்லு அப்போது இல்லை. முதல் வாட்ச் 1999இல்தான் விற்பனைக்கு வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். மெஷினின் கடைசிச் சக்கரம் நொடிக்கு எட்டுச் சுற்று சுழன்று மின்சாரம் தருகிறது. அதை மீறி ஓட முற்பட்டால், தொடாமலே பிடிக்கும் ஒரு காந்தத் தடை அதை அடக்குகிறது. மோதும் பல் இல்லை, அடி வாங்கும் கல்லும் இல்லை. மெக்கானிக்கலில் முதலில் தேயும் இடத்தையே அவர்கள் நீக்கிவிட்டார்கள். நொடிமுள் துள்ளாமல், நீர்ப்பரப்பில் இலை நகர்வதுபோல் நகர்வதற்கும் அதுவே காரணம்.

அதற்காக இதில் தேய்மானமே இல்லை என்று பேசுவது மிகை. அந்தச் சக்கரமும் ஒரு நாளில் 6,91,200 சுற்று சுழல்கிறது. அதன் மெல்லிய முனைகளுக்கும் எண்ணெய் வேண்டும். வில்லும் மற்றப் பல்சக்கரங்களும் மெக்கானிக்கலில் உள்ளவை போன்றவையே. போதாக்குறைக்கு மின்சுற்று வேறு. அது பழுதானால் புதிதாக மாற்றத்தான் வேண்டும். அதைத் தர ஒரே ஒரு நிறுவனம்தான் உண்டு. ரிப்பேர்க்காரருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சாதாரண வாட்சை அவர் ஒலிவாங்கி மேடையில் வைத்தால், டிக் டிக் ஒலியை வைத்தே உடல்நிலையைச் சொல்லிவிடுவார். ஸ்பிரிங் டிரைவில் அந்த ஒலியே கிடையாது.

இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சிட்டிசனையும் ஒரு வரி சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஒளியில் ஓடும் அதன் காலிபர் 0100 என்ற குவார்ட்ஸ் மெஷின், ஆண்டுக்கு ஒரே நொடி பிழை என்ற உறுதியோடு 2019இல் வந்தது. துல்லியத்தில் 9எஃப்பே அதன்முன் தலைகுனிய வேண்டும். பேட்டரி மாற்றும் வேலையும் மிச்சம், ஆனால் ஒளியைச் சேமிக்கும் மின்கலமும் மூப்படையக்கூடியதே.

என் தேர்வு இதுதான். தினமும் கட்டிக்கொண்டு, பேட்டரி தவிர வேறு கவலையின்றி இருபது ஆண்டு ஓட வேண்டுமென்றால் 9எஃப். விலையிலும் அது பொதுவாக மற்ற இரண்டையும்விடக் குறைவு. பேரன் கையில் போய்ச் சேர வேண்டுமென்றால் ஹைபீட்டைவிட 9எஸ்65. ஸ்பிரிங் டிரைவ் அந்த நொடிமுள்ளுக்காக வாங்க வேண்டியது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் என்ற பரிந்துரையைத் தட்டாமல் பின்பற்றுபவருக்கே அது ஏற்றது.

பழைய 9ஆர்65 ஸ்பிரிங் டிரைவ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குவோருக்கு ஒரு சோதனை உண்டு. முழுதாகச் சாவி கொடுத்து, ஒரு துல்லியமான நேரத்தோடு பொருத்தி, கட்டாமல் மேசையில் வைத்துவிடுங்கள். வில்லில் மிச்சமுள்ள விசையைக் காட்டும் முகப்பிலுள்ள சேமிப்பு முள் இன்னும் கீழிறங்காத நிலையிலேயே நொடிமுள் பின்தங்கினால், எண்ணெய் காய்ந்து, சக்கரம் எட்டுச் சுற்றை எட்ட முடியாமல் திணறுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.